குளத்தின் உயிர் ஓரத்தில் இருக்கிறது



கோயம்புத்தூர்க்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் பழகிய பெயர்கள். நொய்யலில் வரும் வெள்ளத்தை அணைக்கட்டுகளில் திருப்பி, வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து தேக்குவதற்காக நம் முன்னோர் வெட்டிய குளங்கள் இவை. பெரியகுளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வாலாங்குளத்துக்குப் போகும். பாசனம் பெற்ற வயல்களில் பெரும்பகுதி இன்று வீடுகளாகிவிட்டது. ஆனால் குளத்துக்கு வேலை தீர்ந்துவிடவில்லை. நகரத்துக்குள் பறவைக்கும் மீனுக்கும் தவளைக்கும் மிஞ்சியிருக்கிற இடம் அதுதான். 2017-ஆம் ஆண்டு சிங்காநல்லூர்க் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்ததும் அதனால்தான்.

அப்படியானால் ஒரு நகரத்துக் குளத்தை எப்படிப் பராமரிப்பது?

முதலில் ஆழம். உள்ளான் சில விரற்கடைத் தண்ணீரில்தான் இரை தேடும். நாரைக்கு முழங்காலளவு தண்ணீர் வேண்டும். நீர்க்காகம் முங்கி மீன் பிடிப்பது. அதற்கு ஆழம் வேண்டும். தூர் வாருகிறோம் என்று குளம் முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்துவிட்டால் நீர்க்காகம் வரும், உள்ளான் வராது. ஒரு பக்கமாவது கரை மெல்லச் சரிந்து சேறும் சகதியுமாக இருக்கட்டும். தூர் வாருவதையும் ஒரே கோடையில் முடிக்காமல் பகுதி பகுதியாகச் செய்யலாம். விட்டுவைத்த பகுதியில் இருக்கும் நத்தையும் கிழங்கும் விதையும் வாரிய பகுதிக்கு மறுபடி பரவும்.

அடுத்தது செடி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையை எடுத்தே ஆக வேண்டும். சாக்கடை கலக்கும் தண்ணீரில் அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். வெளிச்சத்தை மறைத்து அடியிலுள்ள மீனைத் திணறடிக்கும். ஆனால் பச்சையாகத் தெரிவதெல்லாம் களையல்ல. சம்பும் கோரையும் அல்லியும் இருக்கிற ஓரத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முக்குளிப்பான் அழுகிய தழைகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டியிருக்கும். ஆள் நெருங்கினால் பரபரவென்று தழையை இழுத்து முட்டைமேல் மூடிவிட்டுத் தண்ணீருக்குள் மறைந்துவிடும். நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண்பறவை. அதற்கு மிதக்கும் இலைதான் வீடு. இயந்திரத்தை இறக்கி ஒரே நாளில் ஓரத்தை வழித்துவிட்டால் இவை இரண்டுக்கும் இடமில்லை.

மூன்றாவது, நாமே கொண்டுவந்து விடுகிற மீன். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியா மீனை விடுகிறார்கள். அது தலைப்பிரட்டையையும் தின்னும். தட்டான் தண்ணீரிலோ நீர்ச்செடியிலோ முட்டையிடுகிறது. அதன் இளம்புழுக்களுக்குக் கொசுப்புழு நல்ல தீனி. உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் சின்னஞ்சிறு உள்ளூர் மீனும் அதே வேலையைச் செய்யும். இருக்கிற வேலைக்காரர்களை வைத்துக்கொண்டு வெளியாளைத் தேடுவானேன்?

இத்தனைக்கும் அடிப்படை சாக்கடையைத் தடுப்பது. கழிவுநீரில் உள்ள சத்தைத் தின்று பாசி மண்டும். பகலில் பிராணவாயுவை விடுகிற அதே பாசி இரவில் அதை உறிஞ்சும். விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம். சாக்கடையை அடைக்காமல் ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் ஆண்டுதோறும் அள்ள வேண்டியதுதான்.

மனிதருக்கு இடமே வேண்டாமா என்று கேட்பீர்கள். நிச்சயம் வேண்டும். காலையில் நடக்கப் பாதை வேண்டும், குழந்தைகள் வேடிக்கை பார்க்கத் திட்டு வேண்டும். அவை ஒரு பக்கத்தில் இருக்கட்டும். எதிர்க்கரையில் விளக்கும் வேண்டாம், படகும் வேண்டாம்.

உங்கள் ஊர்க் குளத்தை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் வார்டு கவுன்சிலரிடமோ பொறியாளரிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். சாக்கடை எங்கே அடைபடுகிறது? எந்தப் பக்கம் கல் பதிக்காமல் விடுகிறீர்கள்? குஞ்சு பொரிக்கும் மாதங்களில் வேலையை நிறுத்துவீர்களா? வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.