மஜ்ஜை மாற்றத்திற்குப் பின் மருந்துகளால் விளையும் இடர்கள்

(கோலார் தங்கவயலில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



கோலார் தங்கவயலுக்கு நுரையீரல் நோய் புதிதன்று. பாறைத் தூசியால் விளையும் சிலிகோசிஸ் நோய்க்கென 1940ஆம் ஆண்டிலேயே மைசூர் அரசு தனி விதிகளை வகுத்தது. அத்தூசி நுரையீரலின் காவல் அணுக்களைச் சிதைத்துக் காசநோய்க்கு வழி திறந்தது. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆயினும், உடலின் காவல் தளர்ந்தால் காசநோய் நுழையும் என்ற பாடம் இன்றும் பொருந்துவதே.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நம் நாட்டில் 1983இல் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கிற்று. 1986இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கப்பட்டது. பங்காருப்பேட்டையில் ரயில் மாறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர் அருகில்தான்.

மாற்றத்துக்கு முன் தரப்படும் கடுமையான மருந்துகளுள் புசல்ஃபான் ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கக்கூடும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். இவை பெரும்பாலும் மருத்துவமனையின் கண்காணிப்பிலேயே வெளிப்படுகின்றன. வீடு திரும்பிய பின் நேர்வனவே நம் கவனத்திற்கு உரியவை.

பிறர் அளித்த மஜ்ஜையின் அணுக்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்காமல் தடுக்கப் பல மாதங்கள் சைக்ளோஸ்போரின் தரப்படுகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் தாக்குதல் தொடங்கும். மிகுந்தால் சிறுநீரகம் பழுதுறும், இரத்த அழுத்தம் உயரும், வலிப்பும் வரலாம்.

இம்மருந்து உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குவதால் காசநோய் தலைதூக்க இடமுண்டு. அதற்குரிய முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினோ, ஈரலின் நொதிகளைத் தூண்டிச் சைக்ளோஸ்போரினை விரைவில் சிதைத்துவிடுகிறது. ஒரு நோயைத் தீர்க்கப் போய் மற்றொன்றை அழைத்த கதையாகும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இவ்விளைவு ஏறத்தாழ இரு வாரங்கள் நீடிக்கும். பூஞ்சைத் தொற்றுக்கான சில மருந்துகளோ இதற்கு நேர்மாறாகச் சைக்ளோஸ்போரின் அளவை உயர்த்துகின்றன. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் சிறுநீரகப் பழுதை மிகுவிக்கலாம்.

இதனால் காசநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. மாற்றுச் சிகிச்சை செய்த மருத்துவரைக் கலந்து, மருந்தின் அளவை இரத்தத்தில் அடிக்கடி சோதித்துத் திருத்த வேண்டும். தேவையானால் வேறு மருந்தைத் தேர்ந்திட வேண்டும்.

நோயாளியின் மருந்துப் பட்டியல் எப்பொழுதும் அவர் கையில் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் காசநோய்ப் பணியாளரும் மருந்துக் கடைக்காரரும் புதிய மாத்திரை எதனையும் தருமுன் அதனைக் கேட்டுப் பார்க்கட்டும். பெரு மருத்துவமனை காத்த உயிரை ஊரில் காப்பது இந்தச் சிறு வழக்கமே.