பிற்பாட்டுக்கு ஆள் வேண்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் செயலாளர், "டொக்டர், உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியும் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். ஆனபடியால் இன்று பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் பாடகி அல்ல. என் வகுப்புத் தோழிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களே அதற்குச் சாட்சி.

முள்ளியவளைக்கு அண்மையில் ஒரு சிறிய கிராமம். அங்கே ஒரு பொதுநோக்கு மண்டபம். அரைச்சுவர், சீமெந்து நிலம், ஒரு அலுமாரி. பகலில் மாதர் சங்கக் கூட்டமும் தாய் சேய் கிளினிக்கும் நடக்கும். மாதத்தில் ஒருநாள், போயா தினத்து மாலையில், அங்கே பாட்டு நடக்கும். முப்பது பேர் வந்தால் அது பெரிய கூட்டம். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை, அழைப்பிதழ் இல்லை. பாய் விரித்து வட்டமாக இருப்போம். ஒரு மத்தளம், ஒரு சோடி தாளம். சில மாதங்களில் அதுவும் இல்லை, கைத்தட்டுத்தான். மின்விசிறியின் இரைச்சல் பாட்டைக் கெடுக்கும் என்று அதையும் நிற்பாட்டி விடுவார்கள்.

என்ன பாடுவார்கள்? அரிவி வெட்டுப் பாட்டு, சூடு மிதிக்கிற பாட்டு, தாலாட்டு. வயலில் இராக்காவல் இருந்தவர்களிடம் இருந்து வந்த பன்றிப் பள்ளு, குருவிப் பள்ளு. வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தையின் ஒப்பாரி: ஆண்கள் பின்வாங்கிய யானையை அடக்கிக் கட்டிய ஒரு வன்னிப் பெண்ணின் கதை அது. பெண்கள் பாடசாலையில் படித்த நாங்கள் அரியாத்தையைப் பாடப்புத்தகத்தில் சந்திக்கவில்லை. நான் அவளை அந்த மண்டபத்தில்தான் சந்தித்தேன். பிறகு, கோவலன் கூத்துப் பாட்டுகள். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போகாத பிள்ளை எங்களில் இருக்கமுடியாது. காட்டா விநாயகர் கோவிலில் கடல்நீரில் எரியும் விளக்கைக் கும்பிட்டுத்தான் வளர்ந்தோம். அந்தக் கண்ணகியின் கதையை மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை என்றும், யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும், எங்கள் வன்னியில் சிலம்பு கூறல் என்றும் படித்துவந்தார்கள். கதை ஒன்று, பெயர் மூன்று.

இனி, ஒரு வைத்தியர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பாரிசவாதத்தோடு ஒரு அம்மா விடுதியில் அனுமதிக்கப்பட்டார். வலக்கை, வலக்கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கும். ஆனால் தண்ணீர் வேண்டும் என்றால் 'தண்ணி' என்ற சொல் வாய்க்கு வராது. கண்ணால் நீர் வடியும். ஒருநாள் காலையில் நோயாளரைப் பார்த்துக்கொண்டு வரும்போது, மகள் தாயின் தலையை வாரியபடி மெதுவாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இருந்தாற்போல அந்த அம்மா சேர்ந்து பாடத் தொடங்கினார். சொல் பிசகாமல், முழு அடியாக. விடுதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பாட்டு முடிந்ததும் மகள், "அம்மா, தண்ணி வேணுமோ?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் அசைந்தது. சொல் வரவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆள்வது மூளையின் இடப்பக்கம். புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர் 1860களில் இதை எடுத்துக்காட்டினார். அந்தப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் பாட்டுக்கு மூளையின் இரண்டு பக்கமும் உதவும். அதனால் பேசமுடியாத சிலரால் பழகிய பாட்டைப் பாடமுடிகிறது. 1970களில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஆய்வாளர்கள் இதையே ஒரு பேச்சுப் பயிற்சியாக வகுத்தார்கள். எல்லோருக்கும் அது கைகொடுக்காது. பாடினால் பாரிசவாதம் மாறிவிடும் என்று நான் சொன்னதாக நாளைக்கு யாரும் சொல்லிவிட வேண்டாம்.

மகளிடம் அது என்ன பாட்டு என்று கேட்டேன். "அது வயல் பாட்டு டொக்டர். அம்மாதான் முன்னுக்குப் பாடுவா, மற்றவை பின்னுக்குப் பாடுவினம்" என்றாள். வீட்டுக்குப் போன பிறகும் தாயைப் பாடவைக்க வேண்டும் என்பதற்காக, அவரோடு ஒருகாலத்தில் வயலில் நின்ற ஏழெட்டுப் பேரை அந்த மகள் மண்டபத்துக்குக் கூப்பிட்டாள். முதல் மாலை அப்படித்தான் நடந்தது. நோயாளியைப் பார்க்கப் போன நான் பாயில் இருந்துவிட்டேன். இந்தக் கதையைச் சொல்வதற்கு மகளின் சம்மதம் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை.

ஒரு பாட்டு எப்படிப் போகிறது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் ஒரு அடியைப் பாடி நிறுத்துவார். மற்றவர்கள் அதற்கு மறுமொழியாக அடுத்த அடியைப் பாடுவார்கள். அதுதான் பிற்பாட்டு. கூத்திலும் இதே முறைதான். பிற்பாட்டு விழும் நேரத்தில்தான் முன்பாடுபவர் மூச்சு எடுப்பார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருவார். வயலில் வரிசையாகக் குனிந்து வெட்டுபவர்களின் கை ஒரே சீராக ஓடுவதும் அதனால்தான். இப்போது ஒரு இயந்திரம் வெட்டி, அடித்து, நெல்லாகவே கொட்டிவிடுகிறது. அதை ஓட்டுவது ஒரு ஆள். அந்த ஆளை நான் குறை சொல்லவில்லை. முதுகு நோவோடு வரும் பெண்களைப் பார்த்த வைத்தியர் நான், அரிவாளைத் திரும்ப எடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெட்டு வரிசை போனபோது பிற்பாட்டும் போனது என்பது உண்மை.

இரண்டாம் வருடம் வெளிநாட்டில் இருக்கும் நல்ல மனம் படைத்த ஒருவர் காசு அனுப்பினார். ஒலிபெருக்கி, மின்விளக்கு, கதிரை எல்லாம் வாடகைக்கு வந்தன. இருநூறு பேர் வந்தார்கள். ஒலிவாங்கியை ஒருவர் கையில் கொடுத்தோம். அவர் பாடினார். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஏன் பாடவில்லை என்று ஒரு ஆச்சியைக் கேட்டேன். "அவவிட்டைத்தானே பிள்ளை மைக் இருக்கு" என்றார். சாதாரண பேச்சின் அளவு ஏறக்குறைய 60 டெசிபல். எங்கள் விழாக்களின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் அது 100ஐத் தாண்டும். அந்த அளவில் 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது காதுக்குக் கேடு என்று தொழில்சார் சுகாதாரப் பரிந்துரைகள் சொல்கின்றன. காதுக்கு வந்த கேட்டைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. முப்பது பாடகர்கள் அன்று இருநூறு பார்வையாளர்களில் முப்பது பேராகிவிட்டார்கள். அடுத்த மாதம் பழையபடி பாயை விரித்தோம்.

உங்களில் என் வயதினருக்கு ஒலிவாங்கி இல்லாத மேடை புதிது அல்ல. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பரிசளிப்பு விழா பகல் வெளிச்சத்தில், வெறுங்குரலில் நடக்கும். "கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்குக் கேக்கவேணும்" என்று ரீச்சர் எங்களைப் பழக்கியதை நினைத்துப் பாருங்கள். பற்றாக்குறையால் வந்த பழக்கம்தான் அது. ஆனாலும் பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டுப் பாடுவது எப்படி என்று அந்தப் பற்றாக்குறைதான் எங்களுக்குக் கற்றுத்தந்தது.

அந்தக் காலத்து விடயம் ஒன்றை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தமிழ்த்தினப் போட்டிக்கு நாட்டார் பாடலுக்கு என்னைச் சேர்த்தார்கள். அம்மம்மா அன்று பின்னேரம் முழுக்கக் குசினித் திண்ணையில் இருந்து, "நான் ஒண்டு சொல்லித்தாறன், எழுது பிள்ளை" என்றா. தான் காலபோக அரிவி வெட்டில் பாடிய பாட்டு. நான், "அது வயல் பாட்டு அம்மம்மா, பள்ளிக்கூடத்துக்குச் சரிவராது" என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. நானாகத்தான் வெட்கப்பட்டேன். அம்மம்மா, "சரி பிள்ளை" என்று எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தா. நான் ஒலிப்பதிவு நாடா ஒன்றில் கேட்டுப் பழகிய பாட்டைப் பாடினேன். பரிசும் கிடைக்கவில்லை.

பிறகு நான் மருத்துவம் படிக்க யாழ்ப்பாணம் போனேன். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2008 கடைசியில் ஊர் இடம்பெயர்ந்தது. போன இடத்தில், ஒரு தறப்பாள் கொட்டிலில், அம்மம்மா காய்ச்சலில் போய்விட்டா. எனக்குச் செய்தி வந்தது பல மாதங்கள் கழித்து. 2009 மேக்குப் பிறகு எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. என் வீட்டுக் கணக்கைப் பெரிதாக்கிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்களிடமிருந்து போனவற்றில் கூத்துக் கொப்பிகளும் உண்டு. கொப்பி இல்லாமல் நெஞ்சில் வைத்திருந்த ஆட்களும் உண்டு.

இப்போது மண்டபத்துக்குத் திரும்புவோம். போன வருடம் ஒரு போயா மாலை. பாரிசவாதம் வந்த அந்த அம்மா இருந்தாற்போல ஒரு பாட்டைத் தொடங்கினார். ஒரு அடி பாடி நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார். பிற்பாட்டு விழவில்லை. யாருக்கும் அந்தப் பாட்டுத் தெரியவில்லை. திரும்பவும் அதே அடியைப் பாடினார். திரும்பவும் நிறுத்தினார். என் வாய் தானாகத் திறந்தது. அது அம்மம்மாவின் பாட்டு. முன்பாட்டை நான் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் சின்ன வயதில் வரம்பில் இருந்து வெட்டுகிற ஆட்களோடு சேர்ந்து கத்திய பிற்பாட்டு உள்ளே எங்கேயோ கிடந்திருக்கிறது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இரண்டாம் அடியைப் பாடினார். அதற்கும் எனக்கு மறுமொழி வந்தது. மூன்றாம் அடி பாடினார். எனக்குத் தெரியவில்லை. அவர் காத்திருந்தார். நான் கையை விரித்தேன். அவர் தன் இடக்கையால் என் கையைத் தட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த மாசியில் அவர் காலமானார்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. இந்தப் பாட்டுகளுக்கு ரசிகர்கள் வேண்டியதில்லை. மறுமொழி சொல்ல ஆள் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் போன்றவர்கள் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றிக் காப்பாற்றினார்கள். மெற்றாஸ்மயில் போன்றவர்கள் வன்னிப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார்கள். நாங்கள் அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் நூலில் சொல் இருக்கும், மூச்சு எடுக்கும் இடம் இருக்காது. அது அருகில் இருந்து பாடினால்தான் வரும்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, தயவுசெய்து மண்டபத்துக்கு ஒலிபெருக்கி அனுப்பவேண்டாம். காசு அனுப்ப விரும்பினால், பாடவரும் ஆச்சிமாரின் ஓட்டோக் கூலிக்கும் தேத்தண்ணிக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவது, இன்றிரவே உங்கள் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ தொலைபேசி எடுங்கள். "நாட்டார் பாடல் தெரியுமா?" என்று கேட்காதீர்கள், தெரியாது என்றுதான் சொல்வார்கள். "வயலுக்கை என்ன பாடினனீங்கள்? ஆர் முன்னுக்குப் பாடினது, ஆர் பின்னுக்குப் பாடினது?" என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். எந்த ஊர், எந்த வயல், யாரிடம் கேட்டது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். பிற்பாட்டை விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ ஒரு வரவேற்பறையில் நாலு பேர் இருந்தால் போதும், அது முழுச் சபை.

மூன்றாவது, அதிபர் அவர்களுக்கு. தமிழ்த்தினப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளை ஒரு போயா மாலையில் எங்களிடம் அனுப்பிவையுங்கள். பரிசு கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் தன் அம்மம்மாவிடம் "பள்ளிக்கூடத்துக்குச் சரிவராது" என்று ஒரு பிள்ளை சொல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

கடைசியாக ஒன்று. அம்மம்மாவின் பாட்டில் மூன்றாம் அடிக்கு மறுமொழி இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த மண்டபத்தில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது அது தெரிந்திருக்கலாம். தேத்தண்ணி வேளையில் என்னை வந்து பிடியுங்கள். மெட்டைப் பாடிக் காட்டுகிறேன். என் வகுப்புத் தோழிகள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.