பெட்டி தூக்கும் நாள்
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



விடுதி திறக்கும் நாளில் புதுப் பிள்ளைகளுக்குப் பெட்டி தூக்க நாங்கள் சிலர் போகிறோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர்.

பெட்டி பெரிய விஷயமில்லை. பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு தகப்பனார், டேனரியில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "என் மேல வாடை அடிக்கும் சார், கூட இருக்கிற பசங்க என்ன நெனைப்பாங்க?" பையன் தலை நிமிராமல் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தான். "உள்ள வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பையனே அப்பாவுக்கு டீ வாங்கப் போனான்.

அடுத்தது தண்ணீர். குடிதண்ணீர்க் குழாய் எது என்று முதலில் காட்டிவிடுங்கள். தோல் கழிவால் பாலாற்றங்கரை கெட்ட கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது உங்களுக்குத் தெரியும்.

அதே 1996 நவம்பரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். தந்தை துணைவேந்தர். அவர் பிள்ளைக்கே அந்தக் கதி! 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ராகிங் புகாருக்கான இலவச எண் 1800-180-5522. இதை எழுதி ஒவ்வொரு கதவிலும் ஒட்டுகிறோம். "சும்மா கலாய்ச்சோம் சார்" என்பவர்களும் படிக்கட்டுமே.

அடுத்த முறை வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒரு ஸ்பேனரும் கொண்டு வாங்க, கட்டில் நட்டெல்லாம் ஆடுது.