பன்னிரண்டாவது ஆள்



நம்ம கல்லூரி கிரிக்கெட் அணியில் நான் மூன்று வருஷம் இருந்தேன். அடேயப்பா என்று யாரும் வியக்க வேண்டாம். நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் கொண்டுபோனதுதான் என் சாதனை! அதனாலோ என்னவோ, தினேஷ் கார்த்திக் மேல் எனக்குத் தனிப் பாசம்.

சென்னைப் பிள்ளை. 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் ஒருநாள் போட்டி, நவம்பரில் மும்பையில் டெஸ்ட் என்று இந்திய அணிக்கு விக்கெட் கீப்பராக வந்துவிட்டார். அதே டிசம்பரில் தோனி வந்தார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அணியில் கீப்பர் இடம் ஒன்றுதானே!

இடம் போச்சே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. வேறு எந்த இடம் காலி என்று பார்த்தார். 2007இல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, மூன்று டெஸ்டில் 263 ரன் எடுத்தார். அந்தத் தொடரில் நம் அணியில் அதுதான் அதிகம். ஆனாலும் 2010க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட எட்டு வருஷம் காத்திருந்தார். அதே 2018இல், மார்ச் மாதம் கொழும்பில் வங்கதேசத்தோடு இறுதிப் போட்டி. 12 பந்தில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் வந்து, எட்டே பந்தில் 29 அடித்தார். கடைசிப் பந்து சிக்சர்!

2024இல் ஓய்வு பெற்று, பெங்களூரு ஐ.பி.எல். அணிக்கு பேட்டிங் பயிற்சியாளர் ஆனார். பதினேழு வருஷம் கோப்பையைப் பார்க்காத அந்த அணி, 2025 ஜூன் 3ஆம் தேதி அதை வென்றது.

நிரந்தர இடம் உள்ளவனுக்குத் தன் ஆட்டம் தெரியும். வெளியே உட்கார்ந்து பார்த்தவனுக்கு எல்லாருடைய ஆட்டமும் தெரியும். இடம் கிடைக்காதவன் மனசும் தெரியும். நல்ல வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? எனக்கு ஒரு சமயம் ஐந்து அரியர். படிப்பே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். விடுதி அறையில் ராத்திரி ராத்திரியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த அண்ணன், தானும் ஒரு காலத்தில் அரியர் வைத்தவர்தான். இன்று முன்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

நம் சங்கம் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறது. தரட்டும். பெட்டி கட்டும் பிள்ளைக்கு என்ன தருகிறோம்? தர்மபுரியிலும் சேலத்திலும் இருக்கும் நண்பர்களே, நல்லம்பள்ளி ஒன்றும் தூரமில்லை. மாதம் ஒரு ஞாயிறு வாருங்கள். முதல் ஞாயிறு நான் வருகிறேன்.