தூங்குகிற புலவனுக்கு விசிறி

(எடப்பாடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'போரும் பாட்டும்'. போரைப் புகழ்ந்து பாடியவர்கள் கதை ஊரறிந்தது. பரணி பாடினவங்களுக்குப் பட்டம் கெடச்சது, பாடப் புத்தகத்தில் இடமும் கெடச்சது. அதை விட்டுவிடுகிறேன். போர் வேண்டாம் என்று வாய் திறந்த பாட்டுக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் பேசுகிறேன்.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். மேட்டூர் அணைக்கு அந்தப் பக்கம் போனால் தர்மபுரி. சங்க காலத்துத் தகடூர். அதியமானின் ஊர். அந்தத் தகடூரை அழித்தவன் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவனை நமக்கு அறிமுகப்படுத்தியது வேறு கதையால். மோசிகீரனார் என்ற புலவர் களைத்து வருகிறார். முரசு வைக்கிற கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். போர்முரசு என்றால் அரசனுக்குத் தெய்வம். அதன் கட்டிலில் படுத்தவனுக்கு வெட்டுதான். ஆனால் இரும்பொறை வெட்டவில்லை. விசிறி எடுத்து வீசினான். புறநானூறு ஐம்பதாம் பாட்டு. தமிழை எப்படி மதித்தான் பாருங்கள் என்று வாத்தியார் உருகுவார்.

நான் கேட்பது ஒன்றுதான். விசிறி வீசும்போது புலவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தூங்கிக்கொண்டிருந்தார். முழித்திருந்து, "தகடூர் மேல் படை கொண்டு போகாதே" என்று சொல்லியிருந்தால்?

மூன்று பாட்டு முன்னால் புரட்டினால் பதில் கிடைக்கும். சோழர்களில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பங்காளிச் சண்டை. இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வருகிறார். போருக்கு எதிராகக்கூட அவர் ஒன்றும் பேசவில்லை. எதிரியின் ஊரிலிருந்து வந்தார், அவ்வளவுதான். ஒற்றன் என்று சொல்லி நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான். கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடிக் காப்பாற்றுகிறார். இரண்டு பேரும் ஒரே குடி, சண்டையை நிறுத்துங்கள் என்று அந்தச் சோழர்களுக்கே சொன்னவரும் அவர்தான். பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் பெயரைக் கவனியுங்கள். கிழார் என்றால் நிலமுடையவர். அவர் குறுக்கே நின்றால் அரசன் காது கொடுப்பான். துடியனோ பறையனோ குறுக்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்த இரண்டு கதையிலும் அதிகாரத்தின் முழு இசைக்கொள்கையும் இருக்கிறது. தூங்கினால் விசிறி, முழித்தால் ஒற்றன். ஒற்றன் என்ற சொல் பழசாகிப்போச்சு. இப்போ பயங்கரவாதி, தேசத் துரோகி.

நம் காலத்துக்கு வருவோம். மாதங்கி அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், 1986-இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2005-இல் வந்த முதல் இசைத் தொகுப்புக்கு அப்பா பெயர், 2007-இல் வந்த இரண்டாவதுக்கு அம்மா கலாவின் பெயர். 2008-இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு அமெரிக்கா முழுக்க ஒலித்தது. 2009 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் ஏறினார். அதே மாதம் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

அந்த 2009 ஜனவரி, பிப்ரவரியில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது? 'பாதுகாப்பு வலயம்' என்று அரசு அறிவித்த இடத்துக்குள்ளேயே குண்டு விழுந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்களை உள்ளே விடவில்லை. அந்த நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, அங்கே நடப்பது இனப்படுகொலை என்று சொன்னார் மாயா.

என்ன நடந்தது? இலங்கை அரசின் தரப்பிலிருந்து வந்த பதிலின் சாரம்: அவருக்குத் தெரிந்தது இசை, அதோடு இருக்கட்டும், அரசியல் வேண்டாம். சிங்களப் பின்புலத்திலிருந்து வந்த ஒரு ராப் பாடகர், மாயா புலிகளை ஆதரிக்கிறார் என்று 2008-லேயே வீடியோ போட்டிருந்தார். மேற்கத்திய ஏடுகள் அவருடைய மேடைப் படங்களில் புலி உருவம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தன. புலி உருவத்தை அவர் பயன்படுத்தியது உண்மைதான். பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று அவர் சொன்னதும் உண்மை. முதல் உண்மை தலைப்புச் செய்தி ஆனது.

2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தது. அதில் உலகமே பிடித்துக்கொண்ட வரி எது தெரியுங்களா? உருளைக்கிழங்கு வறுவல். புரட்சி பேசிக்கொண்டே உயர்ந்த ரக வறுவல் தின்றாராம். அதைத் தருவிக்கச் சொன்னதே கட்டுரையாளர்தான் என்பதை மாயா ஒலிப்பதிவை வெளியிட்டுக் காட்டினார். வேறொரு பேட்டிப் பகுதியை வரிசை மாற்றிப் போட்டதற்கு ஏடு பிற்பாடு ஆசிரியர் குறிப்பு போட்டது. ஆனால் நேரம் போய்விட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டிய இடத்தில், வறுவல் யார் தின்றது என்று உலகம் பேசிக்கொண்டிருந்தது. நமக்கு இது புதுசா? "காலனிக்காரன் பைக் வாங்கிட்டான், கூலிங் கிளாஸ் போட்டுட்டான், இவனுக்கு என்னய்யா ஒடுக்குமுறை?" அதே கேள்விதான். இங்கிலீஷில் கேட்டார்கள்.

2011-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, கடைசி மாதங்களில் 40,000 குடிமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்று எழுதியது. 2012-இல் ஐ.நா.வே தன் கடமையில் தவறியது என்று இன்னொரு உள் அறிக்கை சொன்னது. கோட்டுப் போட்டவர்கள் எழுதினால் அறிக்கை. பாடகி முன்னாடியே சொன்னால் பிதற்றல்.

மாயா பின்னாளில் தடுப்பூசி பற்றியும் அமெரிக்கத் தேர்தல் பற்றியும் பேசியவற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அதனால் 2009-இல் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. பாட்டுக்காரரின் பேச்சுரிமை, நாம் அவரோடு ஒத்துப்போகும் நாள் வரைக்கும்தான் என்றால் அது உரிமையே இல்லை.

நான் வங்கியில் பற்று வரவு பார்த்துப் பிழைக்கிறவன். அதனால் ஒரு கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரே குற்றத்துக்கு எல்லோரும் ஒரே விலையா கொடுத்தாங்க?

2003 மார்ச் 10. லண்டன் மேடையில் டிக்சி சிக்ஸ் என்ற அமெரிக்கக் குழு. மூன்று வெள்ளைக்காரப் பெண்கள். ஈராக் மேல் படையெடுக்க இன்னும் பத்து நாள். நம் அதிபர் நம்ம டெக்சாஸ்காரர் என்பதற்கு வெட்கப்படுகிறோம் என்ற கருத்தில் பாடகி நாட்டலி மெய்ன்ஸ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நாட்டுப்புறப் பாட்டு வானொலிகள் அவர்கள் பாட்டை நிறுத்தின. குறுந்தகடுகளைக் குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். கொலை மிரட்டல் வந்து போலீஸ் காவலோடு பாடினார்கள். ஈராக்கில் பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை என்று பிறகு அமெரிக்க அரசு அனுப்பிய குழுவே சொன்னது. 2007-இல் அந்தப் பெண்களுக்கு ஐந்து கிராமி விருது. பட்ட அடி உண்மை. ஆனால் நான்கே வருஷத்தில் வரவு வைக்கப்பட்டுவிட்டது.

இப்போது எர்த்தா கிட். தென் கரோலைனாவின் பருத்திக் காட்டில், வறுமையில் பிறந்த கறுப்பினப் பாடகி. 1968 ஜனவரி 18 அன்று வெள்ளை மாளிகையில் அதிபரின் மனைவி விருந்து வைத்தார். இளைஞர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று பேச்சு. எர்த்தா கிட் எழுந்து, நாட்டின் நல்ல பிள்ளைகளை வியத்நாமுக்குச் சாக அனுப்புகிறீர்கள், அதனால்தான் கொந்தளிக்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் அவருக்கு வேலை வறண்டுபோனது. ஐரோப்பாவில் பாடிப் பிழைத்தார். சி.ஐ.ஏ. அவர்மீது கோப்பு தயாரித்து வைத்திருந்தது 1975-இல் வெளியே வந்தது. பெரிய மேடைக்குத் திரும்பப் பத்து வருஷம். வெள்ளைத் தோலுக்கு நான்கு, கறுப்புத் தோலுக்குப் பத்து.

ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'டிக்சி' என்பது அடிமை முறை வைத்திருந்த தென் மாநிலங்களுக்குச் செல்லப் பெயர். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய 2020 ஜூன் மாதம்தான் அந்தக் குழு தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தது. ஈராக் மக்களுக்காக 2003-இலேயே பேசிய நாவுக்கு, தன் பெயரில் இருந்த அடிமைச் சங்கிலி கண்ணில் பட 17 வருஷம் ஆயிற்று. குறை சொல்ல இல்லை. போர் எதிர்ப்பும் சாதி எதிர்ப்பும் தானாக ஒன்றாக வராது. அதுக்குத்தான் இதைச் சொல்றேன்.

இந்தியாவுக்கு வந்தால் விலை இன்னும் ஏறுகிறது. புனேயின் கபீர் கலா மஞ்ச். சேரிகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். சாதியையும், காட்டில் ஆதிவாசிகள் மேல் அரசு நடத்துகிற போரையும் பாடினார்கள். நக்சலைட் முத்திரை விழுந்தது. ஷீதல் சாத்தே கர்ப்பிணியாக இருந்த நிலையில், 2013 ஏப்ரலில் மகாராஷ்டிர சட்டமன்றத்துக்கு முன்னால் வந்து கைதானார். 2020 செப்டம்பரில் சாகர் கோர்கே, ரமேஷ் கைச்சோர், ஜோதி ஜக்தாப் மூவரையும் பீமா கோரேகான் வழக்கில் பிடித்தார்கள். வருஷக்கணக்கில் விசாரணைக் கைதிகள். அங்கே பாட்டு நின்றது, இங்கே உடம்பே உள்ளே போனது.

பீமா கோரேகான் என்றதும் ஒருவர் கேட்கலாம். "1818-இல் மகர் வீரர்கள் பேஷ்வா படையோடு மோதிய போரை நாம் கொண்டாடுகிறோமே, 1927-இல் அம்பேத்கரே அந்தத் தூணுக்குப் போனாரே, நாம் எப்படிப் போர் எதிர்ப்புப் பேசலாம்?" நியாயமான கேள்வி. நான் எல்லாப் போரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எந்தப் போராக இருந்தாலும், அதில் சாகிறவன் வீட்டுக்காரனுக்கும் அதற்குக் கொட்டு அடிக்கிறவனுக்கும் அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்கிறேன். கொட்டு மட்டும் அவனது, கருத்து மட்டும் அரண்மனையினது என்றால் அதற்குப் பெயர்தான் சாதி.

பறை என்ற சொல்லுக்கே சொல் என்றுதான் பொருள். மலையாளத்தில் இன்றைக்கும் பறைதல் என்றால் பேசுதல். பேச்சையே பெயராகக் கொண்ட கருவியை நம் கையில் கொடுத்து, வாயை மட்டும் கட்டிவைத்தார்கள். மாரியம்மன் நோம்பிக்கு அடி, எழவுக்கு அடி, ஆனால் அடித்தவன் வாசலுக்கு வெளியே நில். "இனி எழவுக்கு அடிக்க மாட்டோம்" என்று சொன்ன ஊர்களில் உதையும் ஊர்விலக்கும் விழுந்ததை இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இசைக்கோ, இசைக்காதே என்று முடிவு செய்வதே பேச்சுத்தான். அந்தப் பேச்சைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. என் கவிதையைப் படித்துவிட்டு அலுவலகத்தில் ஒருவர், "நல்லா எழுதறீங்க சார், அரசியல் மட்டும் வேண்டாமே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுவும் விசிறிதான்.

கடைசியாக, நமக்குக் கசக்கிற விஷயம். ஈழத்துக்காகத் தமிழ்நாட்டுத் தலித் இயக்கங்கள் தெருவில் நின்றவை. 2009 ஜனவரியில் மறைமலைநகரில் திருமாவளவன் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். அந்த உரிமையோடுதான் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த செல்வி என்ற செல்வநிதி தியாகராஜா, கவிஞர், 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்தியவர். 1991 ஆகஸ்ட் 30 அன்று புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் உலக எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தது. வாங்க அவர் வரவே இல்லை. சிங்கள அரசு மாயாவைப் பேசாதே என்றது தப்பு என்றால், செல்வியின் வாயை மூடியதும் தப்பு. ஒன்றை உரக்கச் சொல்லி மற்றதை விழுங்கினால், நாமும் இரும்பொறையின் விசிறியைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்? பாட்டுக்காரர் ஒருவர் மேல் வழக்குப் போட்டால், அவர் சொன்னதெல்லாம் சரியா என்று ஆராய்ச்சி பண்ணுவதற்கு முன்னால், காவல் நிலைய வாசலில் நிற்போம். ஆராய்ச்சி பிற்பாடு. மேடை மறுக்கப்பட்டவருக்கு மேடை போடுவோம், சும்மா இல்லை, கூலி கொடுத்து. நம் இயக்கத்தையே குத்துகிற பாட்டு வந்தால் நம் பத்திரிகையில் போடுவோம். பதில் எழுத நமக்குக் கை இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கூட்டத்தை நம்ம தோழர்கள் நாலு பேர் தப்பட்டை அடித்துத்தான் தொடங்கி வைத்தார்கள். நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். என் பெயர் பட்டத்தோடு இருக்கிறது. அவர்களுக்கு 'பறை முழக்கம்' என்று ஒரு வரி. பேர் இல்லை. இதைப் போட்டது அரசாங்கம் இல்லீங்க, நாம்தான்.

என் நேரத்தில் இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கிறது. அந்த நாலு பேரும் வரட்டும். தப்பட்டையைக் கீழே வைத்துவிட்டு மைக் முன்னால் நிற்கட்டும். அவங்க பேசறதைக் கேட்போம்.