கடல் சாதியைக் கழுவிவிடுமா?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பயணிகள் கப்பலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். அறை துடைப்பது, படுக்கை விரிப்பது, கழிப்பறை கழுவுவது. எட்டு மாத கான்ட்ராக்ட் முடிந்து, சம்பளமில்லாத இரண்டு மாத விடுப்பில் ஊரில் இருந்தேன். அடுத்த வாரம் திரும்பவும் கப்பல் ஏறுகிறேன். சாதி ஒழிப்பு பேசுகிற ஆள் மறுபடியும் கக்கூஸ் கழுவப் போகலாமா என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொன்னது நாம் இல்லை, சாஸ்திரம். சாதியை இழக்கச் செய்யும் குற்றங்களின் வரிசையில் கடற்பயணத்தை வைக்கிறது பௌதாயன தர்மசூத்திரம். கடலோடியைச் சிராத்தத்துக்கு அழைக்காதே என்கிறது மனுஸ்மிருதி. இழப்பதற்குச் சாதிப் பெருமை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது தண்டனை. 1913இல் அம்பேத்கர் கப்பலேறி நியூயார்க் போனபோது அவர் இழப்பதற்கு அப்படி என்ன இருந்தது?

ஆனால் சாதி மட்டும் கப்பலேறாமல் கரையில் நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளிகளை லஸ்கர் என்றார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளியைவிட மிகக் குறைந்த கூலி. அவர்களுக்குள்ளும் மேல்தளத்துக்கு ஒரு சமூகம், இயந்திர அறைக்கு ஒரு சமூகம், சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்னொரு சமூகம் என்று பிரித்தே ஆள் எடுத்தார்கள். கழிப்பறை கழுவுகிறவருக்கு 'டோபாஸ்' என்று பெயர். அந்த வேலைக்குக் கரையில் யாரைப் பிடித்தார்களோ, கடலிலும் அவர்களையே பிடித்தார்கள். விடுதலைக்குப் பிறகும் இந்தியக் கடற்படையில் அந்தப் பணிப்பெயர் நெடுங்காலம் இருந்தது.

இன்றைய கப்பலுக்கு வருகிறேன். என் குழுவில் பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியாக்காரர், ஜமைக்காக்காரர், ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த ஆதிக்கச் சாதிப் பையன் எல்லோரும் இருக்கிறோம். எல்லோரும் கழிப்பறை கழுவுகிறோம். கையுறை உண்டு, பயிற்சி உண்டு. கழிவைக் காற்றழுத்தமே உறிஞ்சிக் குழாய் வழியாகச் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோகிறது.

அந்தத் தொட்டியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கழிவு தேங்கும் மூடிய இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும், ஆக்சிஜன் குறையும். கப்பலில் அப்படி ஓர் இடத்துக்குள் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் முதலில் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். காற்றோட்டம் விட்டு, மீட்டர் வைத்து ஆக்சிஜனையும் நச்சு வாயுவையும் அளக்க வேண்டும். வாசலில் ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். மீட்புக் கருவிகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதற்கான மீட்பு ஒத்திகையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது 2015 முதல் சர்வதேச விதி.

அதே வாயுதான் நம் ஊர் செப்டிக் டேங்கிலும் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? ஒரு கயிறு, ஒரு வாளி. கையால் மலம் அள்ளுவதற்கும் பாதுகாப்பில்லாமல் சாக்கடையில் இறக்குவதற்கும் 2013லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. இல்லாதது தொழில்நுட்பமா? மீட்டர் வாங்கப் பணமில்லையா? இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது முன்பே தெரிந்திருக்கிறது, அதனால் மீட்டர் தேவைப்படவில்லை. அழுக்கு வேலையைப் பிறப்பிலிருந்து பிரிக்க முடியுமா என்று இனி யாராவது கேட்டால், முடியும், நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

அதற்காகக் கப்பலைச் சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பாஸ்போர்ட்தான் வருணம். நான் பார்த்தவரை மேலே கப்பலைச் செலுத்தும் இடத்தில் ஐரோப்பிய முகங்கள், கீழே சலவைக்கூடத்தில் ஆசிய முகங்கள். பல கப்பல்களில் பறப்பது பஹாமாஸ் கொடி, பனாமா கொடி. முதலாளி ஒரு நாடு, சட்டம் ஒரு நாடு, தொழிலாளி இன்னொரு நாடு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தந்தால் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 91 மணி நேரமும் வேலை வாங்கலாம் என்று அர்த்தம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலைத் தனிமைப்படுத்தியபோது பயணிகள் அறைக்குள் இருந்தார்கள். தொழிலாளிகள் வாசல் வாசலாகச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பங்கிட்டுக்கொண்ட அறைகளில் போய்ப் படுத்தார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள்.

நம்மவர்கள் சாதியையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மெஸ்ஸில் தமிழ் கேட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்றார் ஒருவர். பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் வீட்டு ஊறுகாய் பாட்டில் என் பக்கம் வரவில்லை. என் அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரரோ ஊரிலிருந்து வரும் எதையும் எனக்குப் பாதி கொடுக்காமல் சாப்பிட மாட்டார்.

இன்னொன்று, இங்கே இருக்கும் தம்பி தங்கைகளுக்காக. கப்பல் வேலை வாங்கித் தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அதே உடன்படிக்கை. இந்தியா அதை 2015இல் ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்று, சிடிசி, பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் நம்முடையது. ஆனாலும் என் முதல் கான்ட்ராக்டுக்கு அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் ஏஜென்டுக்குக் கொடுத்தோம். நிலம் இருக்கிறவன் நிலத்தை வைப்பான், நமக்குக் காதில் இருப்பதுதான். ஏஜென்டுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உரிமம் இருக்கிறவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், புகார் எழுதுங்கள்.

அப்புறம் ஏன் போகிறேன்? நகையை மீட்க வேண்டும். தங்கச்சி நர்சிங் முடிக்க வேண்டும். கழிப்பறை கழுவுவது இழிவு என்று நான் நினைக்கவில்லை. நீதான் கழுவ வேண்டும், நீ செத்தாலும் பரவாயில்லை என்பதுதான் இழிவு. கப்பலில் என்னை அந்த வேலைக்கு வைத்தது வறுமை. ஊரில் என்னை வைக்கப் பார்த்தது பிறப்பு. வறுமையோடு சங்கம் வைத்துச் சண்டை போடலாம், கான்ட்ராக்ட் முடிந்தால் இறங்கலாம். பிறப்புக்கு அப்படி ஓர் இறங்குதுறை கிடையாது, அதை நாம்தான் கட்ட வேண்டும்.

நான் கடலில் இருக்கும் எட்டு மாதத்தில் நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வாயு மீட்டர் எத்தனை இருக்கிறது, கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள், மீட்பு ஒத்திகை எப்போது நடந்தது? இந்த மூன்று கேள்வி போதும். வருகிற பதிலை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவோம்.