அஞ்சலில் வரும் மின்சுற்றுப் பலகை

வானொலிப் பெட்டியின் முதுகைத் திறந்தால் உள்ளே ஒரு பலகை இருக்கும். அதில் செம்புக் கோடுகள் ஓடும். பால்மரத்தில் வெட்டிய கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் விழுகிறதல்லவா? அதுபோல மின்சாரம் இந்தக் கோடுகளின் வழியே போய், சேர வேண்டிய உறுப்பைச் சேர்கிறது. இதற்கு அச்சு மின்சுற்றுப் பலகை என்று பெயர்.

1936ஆம் ஆண்டில் லண்டனில் பவுல் ஐஸ்லர் என்பவர் இத்தகைய பலகையைக் கொண்டு ஒரு வானொலி செய்தார். அக்காலத்தில் தொழிற்சாலைப் பெண்கள் ஒவ்வொரு கம்பியாகக் கையால் பற்றவைத்தார்கள். பெண்களின் கைவேலையே மலிவு என்று ஒரு நிறுவனம் அவரைத் திருப்பி அனுப்பியதாம். கூலிக் கணக்கு நமக்கென்ன புதிதா?

இன்று நம் பிள்ளைகளே தங்களுக்கு வேண்டிய சுற்றைக் கணினியில் வரைந்து, சீனாவின் ஷென்சென் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பிப் பலகையை வரவழைக்கிறார்கள். தோட்டத்துக்குப் பொட்டலம் சரிவர வராது என்று பங்சாரில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைக் கொடுப்பதும் உண்டு. அந்தப் பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். பங்-கிரிசார் என்ற தோட்டப் பெயரே சுருங்கிப் பங்சார் ஆயிற்று என்பார்கள்.

சிறிய பலகை ஐந்து சில வெள்ளிக்குள் கிடைத்துவிடும். அஞ்சல் கூலிதான் அதை மிஞ்சும். ஆகவே நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைப்பது நல்லது.

பொட்டலம் வந்ததும் பிள்ளைக்குக் கை துடிக்கும். உடனே ஈயம் பற்றவைக்க விடாதீர்கள். தொழிற்சாலை நாம் அனுப்பிய படத்தை அப்படியே செய்து தருகிறது. படம் தவறானால் ஐந்து பலகையும் தவறு. முதலில் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புடு ஜாலான் பசார் கடைகளில் வாங்கிய உறுப்புகளின் கால்கள் துளைகளில் நுழைகின்றனவா என்று வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரை வைத்து, பேட்டரியின் நேர்முனைக் கோடும் எதிர்முனைக் கோடும் எங்காவது ஒட்டியிருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஒட்டியிருந்தால் பேட்டரி சூடேறும், உறுப்புகளும் கெடலாம்.

தவறு கண்டால் பலகையைத் தூக்கி எறிய வேண்டாம். பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். ஒட்டிய கோட்டைக் கூரிய கத்தியால் கீறி அறுக்கலாம். விட்டுப்போன கோட்டுக்குப் பதில் மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைக்கலாம். தொழில் தெரிந்த பொறியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

பற்றவைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். கைக்குழந்தை பக்கத்தில் வேண்டாம். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயம் நஞ்சு. முதல் சோதனை 9 வோல்ட் பேட்டரியில் நடக்கட்டும். சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரம் ஆளைக் கொல்லும். அதைத் தொடும் சுற்றுகளைப் பிள்ளைகள் வீட்டில் செய்யவே கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் நாம் இணங்கலாகாது.